லேக் ட்ரவுட்டுக்குப் புதியவர் எங்கே தொடங்குவது: கரையிலா, பனியிலா, படகிலா?

ஜூன் மாதக் கடைசியில் ஒரு ஏரிக்கரையில் நின்று மூன்று நாள் காலையில் விடாமல் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) வீசியிருக்கிறேன். ஒரு கடிகூட இல்லை. மூன்றாம் நாள், நாயோடு நடக்க வந்த பெரியவர் ஒருவர் நின்று, எந்த மீனுக்கு என்று கேட்டார். லேக் ட்ரவுட் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஏரியின் நடுப்பகுதியைக் கையால் காட்டினார். அப்புறம் அதே கையை மெல்ல இறக்கி முழங்கால் வரைக்கும் கொண்டுபோனார். "அங்கே, நூறு அடிக்குக் கீழே. ஆறு வாரம் முன்னால் வந்திருந்தால் இங்கேயே உங்கள் காலடியில் நின்றிருக்கும்."

புதியவர்கள் முதலில் கேட்பது எந்த ராட் (தூண்டில் கோல்) வாங்கலாம், எந்த ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளை) நல்லது என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த மீனைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. எந்த மாதத்தில் போகிறீர்கள், எதன் மேல் நின்று பிடிக்கப் போகிறீர்கள் என்பது முடிவானால் சாமான் தானாக முடிவாகிவிடும். கரையிலிருந்து வீசலாம். உறைந்த ஏரியில் துளை போட்டு உட்காரலாம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இரையை இழுத்துப் போகலாம், இதைத்தான் ட்ரோலிங் என்கிறார்கள். படகை நிறுத்தி நேர் கீழே ஜிக், அதாவது ஈயத்தலை வைத்த போலி இரை, இறக்கி ஆட்டலாம். இல்லை, காசு கொடுத்து வழிகாட்டியின் படகில் ஏறிவிடலாம். ஐந்தும் ஒரே மீனுக்குத்தான் என்றாலும், புதியவருக்கு இந்த ஐந்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் அந்த வித்தியாசம் புரியும். பெயரில் ட்ரவுட் இருந்தாலும் இது சார் (char) என்ற மீன் வகை. ப்ரூக் ட்ரவுட், ஆர்க்டிக் சார் ஆகியவற்றின் பங்காளி. கருத்த உடம்பில் வெளிர் புள்ளி, ஆழமாகப் பிளந்த வால், அடித்துடுப்புகளின் முன்னோரத்தில் வெள்ளைக் கோடு. ரெயின்போ ட்ரவுட்டில் இது தலைகீழ்: வெளிர் உடம்பு, கரும்புள்ளி. கனடாவும் அலாஸ்காவும் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பெரும் ஏரிகளும் (கிரேட் லேக்ஸ்) அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தும் இதன் சொந்த ஊர். கியூபெக்கில் டுலாடி, மெய்னில் டோக், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மேக்கினா என்று இடத்துக்கு ஒரு பெயர். பக்கத்தில் தூண்டில் போடுகிறவர் "மேக்கினா மாட்டியது" என்றால் வேறு ஏதோ மீன் என்று நகர்ந்துவிடாதீர்கள்.

இந்த மீனுக்குப் பிடித்த நீர் சுமார் 10 டிகிரி செல்சியஸ். அதோடு நிறைய ஆக்சிஜனும் வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும். பனி உருகியதும் ஏரி மேலிருந்து கீழ்வரை ஒரே குளிராக இருக்கும். மீன் எங்கே வேண்டுமானாலும் உலாவலாம், இரைமீன்கள் கரையோர வெதுவெதுப்புக்கு வருவதால் அதுவும் பின்னாலேயே வரும். கோடை ஏற ஏற மேல்நீர் சூடாகி, அடியில் இருக்கும் குளிர்நீரின் மேல் ஒரு மூடிபோல நிற்கும். அந்த மூடிக்கும் குளிர்நீருக்கும் நடுவே வெப்பம் சட்டென்று இறங்கும் அடுக்குதான் தெர்மோக்லைன். மீன் அதற்குக் கீழே போய்விடும். 15 மீட்டர், 30 மீட்டர், சில ஏரிகளில் இன்னும் ஆழம். இலையுதிர் காலத்தில் மேல்நீர் திரும்பக் குளிர்ந்ததும், முட்டையிடுவதற்காகப் பாறைத் திட்டுகளுக்கு மேலேறி வரும். ஆனால் அந்த நேரத்தில் பல இடங்களில் பிடிக்கத் தடை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் செப்டம்பர் முடிவோடு பருவம் மூடி, ஜனவரியில்தான் திறக்கும்.

எந்த ஏரி என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஒன்டாரியோவில் நூறு ஏரிக்கு ஒன்றில்தான் இந்த மீன் இருக்கிறது. அப்படியிருந்தும், உலகத்தில் உள்ள லேக் ட்ரவுட் ஏரிகளில் ஐந்தில் ஒன்றாவது அந்த மாகாணத்தில்தான். ஆகவே வீட்டுக்குப் பக்கத்தில் அழகான ஏரி இருக்கிறது என்பதை நம்பிக் கிளம்பாமல், மாகாண அல்லது மாநில மீன்வளத் துறை வெளியிடும் ஏரிப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, கரைக்கு வருவோம். ஐந்தில் செலவு குறைந்தது இதுதான். ஏழடி ஸ்பின்னிங் ராட், நடுத்தர ரீல், இருபது கிராம் சொச்சம் எடையுள்ள வெள்ளி நிற ஸ்பூன் நாலைந்து. அவ்வளவுதான். வீசுங்கள், பத்து எண்ணும்வரை மூழ்க விடுங்கள், அப்புறம் ஸ்பூன் சோம்பேறித்தனமாகப் புரளும் வேகத்தில் சுற்றுங்கள். நடுநடுவே ஒரு நொடி நிறுத்துங்கள். கடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வரும். வடக்குக் கரைக்கு வெயில் நேராகப் படுவதால் அது முதலில் சூடேறும். நிலம் மூக்குபோல் நீண்டு, பக்கத்திலேயே சரேலென்று ஆழம் இறங்கும் இடம், ஓடை வந்து விழும் வாய், காற்று நேராக மோதும் கரை, இவையெல்லாம் நல்ல இடங்கள். காற்று முகத்தில் அடித்தால் வீசுவது கஷ்டம்தான், ஆனால் இரைமீனையும் அது அதே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும்.

இதில் கோளாறு ஒன்றுதான்: காலம். பனி உருகிய பிறகு சில வாரங்கள், அவ்வளவே. மேல்நீர் 12, 13 டிகிரியைத் தாண்டினால் கரை காலி. ஒரு சாதாரண தெர்மாமீட்டரை நூலில் கட்டி நீரில் விட்டுப் பார்ப்பது ஸ்பூனின் நிறத்தைப் பற்றி யோசிப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும். அந்த ஜூனில் என்னிடம் பதினான்கு ஸ்பூன் இருந்தது, தெர்மாமீட்டர் இல்லை. இன்னொன்று, சில ஏரிகளில் பனி உருகும்போது பருவம் இன்னும் திறந்திருக்காது; திறக்கும்போது மீன் ஆழத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். அந்த ஏரிக்குக் கரை சரிப்படாது. பெரும் ஏரிகளில் ஒன்றான சுப்பீரியர் போன்ற பெரிய குளிர் ஏரிகளில் இந்த வாய்ப்பு நீளும். கனடாவின் வடகோடியில் கிரேட் பேர் ஏரியில் கோடை முழுக்க மேல்நீரே குளிர்தான், ஆகஸ்டிலும் ஆழமில்லாத இடத்தில் வீசிப் பிடிக்கலாம். இந்த இனத்தில் தூண்டிலில் பிடித்த உலக சாதனையாகப் பதிவான 72 பவுண்டு மீன் 1995 ஆகஸ்டில் அங்கேதான் மாட்டியது. ஆனால் விமானத்தில் போய் இறங்க வேண்டிய இடம் அது, தொடக்கக்காரர் கணக்கில் வராது.

பனி மீன்பிடிப்பைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிக்காதவர் குறைவு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. குளிரில் ஒரு துளையை வெறித்துப் பார்த்து உட்காருவதில் என்ன இருக்கிறது? போய்ப் பார்த்த பிறகு மனசு மாறிவிட்டது. இன்று யாராவது என்னிடம் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

காரணம் சோனார், ஒலியை அனுப்பி நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி. கரையில் வீசும்போது கீழே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. மீன் இல்லையா, இருந்தும் கடிக்கவில்லையா, ஸ்பூனைப் பார்க்கவே இல்லையா, எதுவுமே புரியாமல் வீடு திரும்ப வேண்டியதுதான். பனியில் நீங்கள் அசையாமல் மீனுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃப்ளாஷர் என்ற வட்ட முகம் கொண்ட சோனாரில் ஏரியின் அடித்தரை தடித்த சிவப்புக் கோடாகத் தெரியும். உங்கள் ஜிக் அதற்கு மேலே மெல்லிய பச்சைக் கோடு. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஒன்றும் இருக்காது. திடீரென்று அடித்தரைக் கோட்டிலிருந்து ஒரு கீற்று பிரிந்து மேலே வரும். அது உங்கள் ஜிக்கை நோக்கி வரும்போதே தடித்துச் சிவக்கும். அந்த நொடியில் புதியவர் எல்லாரும் செய்வது கையை நிறுத்திவிடுவது. அதுதான் தப்பு. இரைமீன் தன்னைத் துரத்துகிற மீனைப் பார்த்து நின்றுகொண்டிருக்குமா? சுற்ற ஆரம்பியுங்கள், வேகமாக. கீற்றும் பின்னாலேயே ஏறும். ஐந்து மீட்டர், எட்டு மீட்டர், சில சமயம் பாதி ஏரி உயரத்துக்கே துரத்தி வரும். நீங்கள் நிறுத்தினால் அதுவும் நின்று, ஒரு கணம் யோசித்து, திரும்பி இறங்கிப் போகும். நிறுத்தாமல் போனால் இரண்டு கோடும் ஒன்றாகும், ராட்டின் நுனி தண்ணீருக்குள் வளையும்.

என் முதல் பனி நாளில் ஆறு கீற்று வந்தது, ஒன்றுதான் கடித்தது. மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்பதைக் கண்ணால் பார்த்தேன். கரையில் பத்து நாள் வீசினாலும் இவ்வளவு தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

சாமானும் எளிது. மூன்றடி நீளக் குட்டை ராட், வெள்ளை நிறத்தில் நான்கு அங்குல டியூப் ஜிக் (குழாய் வடிவ மென்பிளாஸ்டிக் இரை), அதற்குள் ஆழத்துக்குத் தக்க ஈயத்தலை. ஆனால் ஆகர் (பனியில் துளை போடும் கருவி), சோனார், கூடாரம், கனமான உடுப்பு என்று எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கினால் பட்ஜெட் எகிறிவிடும். வாங்கத் தேவையில்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. ஒன்டாரியோவின் சிம்கோ போன்ற ஏரிகளில் சூடேற்றிய குடிலை வாடகைக்கு விடுகிறார்கள். பனி வாகனத்தில் கூட்டிப்போய், துளை போட்டு, உட்கார வைத்துவிட்டு மாலையில் வந்து அழைத்துப்போவார்கள். பனி தாங்குமா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்பில் வரும். முதல் வருடம் தனியாகப் போக வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். நடப்பதற்குக் குறைந்தது 10 செ.மீ. தெளிந்த பனி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பால்போல் வெளுத்த பனிக்கு அதில் பாதி பலம்தான். ஓடை வாயிலும் குறுகிய நீர்வழியிலும் இந்தக் கணக்கே செல்லாது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் காலடியில் பனி 'டம்' என்று வெடிக்கும்போது அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ட்ரோலிங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, அதை மறைக்கவில்லை. கோடையில் அதிக மீன் பிடிப்பது இந்த முறைதான், சந்தேகமே இல்லை. பரந்த ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது, சரியான ஆழத்தில் இரையை மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால் எங்கேயாவது ஒன்று எதிர்ப்படும். வேகம் மணிக்கு 3 கி.மீ. அளவில், நிதானமாக நடப்பதைவிடக் குறைவு. சிக்கல், அந்தச் சரியான ஆழத்துக்கு ஸ்பூனைக் கொண்டுபோவது. டவுன்ரிக்கர் என்ற சிறு கப்பியில் நாலைந்து கிலோ குண்டைக் கம்பியில் இறக்கி, அதில் கிளிப்பால் தூண்டில் நரம்பை மாட்டிவிடுவார்கள். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும். துல்லியமானது, ஆனால் படகு, மோட்டார், சோனார், டவுன்ரிக்கர் என்று வரிசையாகச் செலவு. ஏழைக்கேற்ற மாற்று, லெட்கோர் நரம்பு. உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய இந்த நரம்பு பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மெதுவாக ஓட்டினால் ஒரு நிறத்துக்குத் தோராயமாக ஒன்றரை மீட்டர் இறங்கும். பத்து நிறமும் விட்டால் சுமார் 15 மீட்டர். நிறத்தை எண்ணி ஆழம் தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்குப் பிடித்த எளிய தந்திரம். ஆனால் அவ்வளவு கனமான நரம்பின் முனையில் இரண்டு கிலோ மீன் மாட்டினால் மீன் இழுப்பதே தெரியாது, ஈரச் சாக்கை இழுப்பதுபோல இருக்கும்.

மனத்தாங்கல் அதுதான். படகு ஓட்டுகிறவருக்கு நிறைய வேலை, நிறைய யோசனை. ராட்டைப் பிடிக்கிறவருக்கு? மீன் மாட்டிய பிறகு சுற்றுவது மட்டும்தான். புதியவர் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் ட்ரோலிங் கடைசியில் வரட்டும். நண்பர் படகு வைத்திருந்து கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், அதற்காக எதையும் வாங்காதீர்கள்.

கோடையில் படகு கிடைத்து, நீங்களே பிடிக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், படகை நிறுத்தி ஜிக் ஆட்டுவது மேல். பனியில் கற்ற எல்லாம் இங்கே அப்படியே உதவும்: அதே டியூப், அதே துரத்தல், அதே சோனார் திரை. வித்தியாசம் காற்று. காற்றில் படகு நகர்ந்தால் நரம்பு சாய்ந்துவிடும், சாய்ந்தால் ஜிக் சோனாரின் கண்ணில் படாது. ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் மின்மோட்டார் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் காற்றில்லாத காலை நேரம். நரம்பு பிரெய்டாக, அதாவது நீளாத பின்னல் நரம்பாக, இருக்க வேண்டும். சாதாரண நைலான் நீளும், முப்பது மீட்டர் ஆழத்தில் நீங்கள் சுண்டினால் அந்தச் சுண்டல் தூண்டில் முள்வரை போய்ச் சேராது. நுனியில் இரண்டு மூன்று மீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது இரைக்கு முன்னால் கட்டும், நீரில் எளிதில் தெரியாத நரம்புத் துண்டு.

ஆழத்திலிருந்து பிடிக்கும்போது ஒரு காட்சியைக் கவனித்திருக்கிறேன். மீன் மேலே வருவதற்குச் சற்று முன்னால் நீர்ப்பரப்பில் குமிழ்கள் கொத்தாக வந்து உடையும். லேக் ட்ரவுட்டின் காற்றுப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு குழாய் உண்டு. மேலே ஏறும்போது விரியும் காற்றை அது ஏப்பம்போல வெளியே விட்டுவிடும். வால்ஐ (walleye), பாஸ் போன்ற மீன்களால் இது முடியாது, ஆழத்திலிருந்து சட்டென்று தூக்கினால் ஊதிப்போகும். அதனால் மெதுவாகக் கொண்டுவந்தால் லேக் ட்ரவுட்டைத் திரும்ப விடலாம். ஆனால் கோடையில் இன்னொரு ஆபத்து: 8 டிகிரியில் இருந்த மீனை 22 டிகிரி மேல்நீர் வழியாக இழுத்து வந்து, தராசில் தொங்கவிட்டு, நாலு படம் எடுத்துவிட்டு விட்டால் அது பிழைப்பது நிச்சயமில்லை. கோடையில் சட்டம் அனுமதிக்கிற ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவதுதான் நியாயம், பிடித்துப் பிடித்து விடுவது அல்ல. பனியில் நேர்மாறான தொல்லை, வெளிக்காற்றில் செவுள் உறைந்துவிடும். விடுவதாக இருந்தால் துளைக்குள்ளேயே முள்ளைக் கழற்றிவிடுங்கள். மெல்ல வளரும் மீன் இது. வடக்கத்திய ஏரிகளில் சில கிலோ எடையுள்ள மீனுக்கே பதினைந்து, இருபது வயது இருக்கலாம். பெரிய கிழட்டு மீனில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், சாப்பிடுவதற்குச் சின்னதே மேல்.

விடுவதா கொல்வதா என்பது ஏரிக்கு ஏரி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள யெல்லோஸ்டோன் ஏரிக்கு இந்த மீன் அந்நியம். 1994-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர் கட்த்ரோட் ட்ரவுட்டைத் தின்றே குறைத்துவிட்டது. அங்கே பிடித்த லேக் ட்ரவுட்டை உயிரோடு திரும்ப விடக் கூடாது என்பது விதி. ஓர் ஏரியில் செய்தால் புண்ணியம், இன்னோர் ஏரியில் அதுவே அபராதம்.

வழிகாட்டியின் படகு கடைசித் தேர்வு. பெரும் ஏரிகளில் சார்ட்டர் என்பார்கள். ஒரு நாளைக்கு ஆகிற தொகையைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் அதை நாலைந்து பேர் பகிர்ந்தால், சொந்தமாக எதுவும் வாங்காத ஒருவருக்கு அது அவ்வளவு அநியாயம் இல்லை. உரிமம் மட்டும் பெரும்பாலும் நீங்களே எடுத்து வர வேண்டும். மீன் நிச்சயமாகக் கிடைக்கிற வாய்ப்பும் இதில்தான் அதிகம். நான் போன படகில் ஏற்றிய மீன் ஒன்றின் விலாவில் நாணயம் அளவுக்கு வட்டத் தழும்பு இருந்தது. படகுக்காரர் கட்டைவிரலை அதன் மேல் வைத்துக் காட்டினார்: லாம்ப்ரே. கடலிலிருந்து வந்த ஒட்டுண்ணி, வாயால் கவ்வி ரத்தம் உறிஞ்சுவது. கப்பல்களுக்காக வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழியாகப் பெரும் ஏரிகளில் மேலே உள்ளவற்றுக்குள் புகுந்து, 1950-களுக்குள் லேக் ட்ரவுட்டை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. 1958 முதல் ஓடைகளில் லாம்ப்ரே குஞ்சுகளைக் கொல்லும் மருந்து ஊற்றி, லேக் ட்ரவுட் குஞ்சுகளைத் தொடர்ந்து ஏரியில் விட்டுத்தான் மீட்டார்கள். சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் லேக் ட்ரவுட் மீண்டுவிட்டது என்று 2024-இல்தான் அறிவித்தார்கள். அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு என் ஜூன் மாதப் புலம்பல் கொஞ்சம் அடங்கியது.

ஆக, நாளைக்கே தொடங்குவதாக இருந்தால் என் வரிசை இதுதான். இப்போது ஜனவரி, பிப்ரவரி என்றால் குடில் வாடகைக்கு ஒரு நாள், சோனார் தருகிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு. இப்போது பனி உருகும் காலம் என்றால், முதலில் பருவம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கரை, விடியற்காலை, தெர்மாமீட்டரோடு. ஜூலை, ஆகஸ்ட் என்றால் நண்பர் படகு இருந்தால் ஜிக், இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து சார்ட்டர். நண்பரும் இல்லை, காசும் இல்லை என்றால் அந்த இரண்டு மாதம் கரையில் பாஸ் பிடியுங்கள், அது சூடான நீரில் சந்தோஷமாக இருக்கும் மீன். வாங்குவதற்கு ஒரே ஒரு ராட் கேட்டால், ஏழடி, நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பு, ஸ்பின்னிங் ரீலில் 15 பவுண்டு பிரெய்டு. வசந்தத்தில் ஸ்பூன் வீசவும் கோடையில் படகிலிருந்து ஜிக் ஆட்டவும் அதுவே போதும், லீடரை மட்டும் மாற்றிக் கட்டினால் சரி.